பல்லொன்றில் ஒரு சிங்கம்



வாவிக்கரையிலுள்ள எமது கல்லூரியில், ஏட்டுச் சுவடிகளைப் பற்றிக் கற்பித்துக்கொண்டிருந்தபோது "உயிர்ச்சுவடு" என்ற அறிவியற் சொல்லையும் தொட்டுச் சென்றேன். உடனே ஒரு மாணவி எழுந்து, "சேர், எங்கட நாட்டிலயும் டைனோசர் இருந்ததா?" என்று கேட்டாள். அவளுக்கு நான் கூறிய விடையின் விரிவே இன்றைய பேச்சு.

எமது தீவின் பெரும்பகுதி, டைனோசர்களின் காலத்துக்கு மிக முந்திய பாறைகளால் ஆனது. மட்டக்களப்புப் பாறைகளும் அத்தகையனவே. டைனோசர் காலப் படிவுகள் புத்தளப் பக்கம் தப்போவை, ஆண்டிகம போன்ற இடங்களிற் சிறிதளவு உண்டு. ஆனால் அங்கே பேர்பெற்றவை தாவரச் சுவடுகள். எனினும், மறைந்த விலங்குகளைத் தேடித் தம் வாழ்நாளைச் செலவிட்ட அறிஞர் ஒருவர் எம் நாட்டில் இருந்தார்.

அவரே பி.ஈ.பி. தெரணியகல. 1900 இல் பிறந்தவர். வரலாற்றாசிரியர் சேர் போல் பீரிஸின் மைந்தர். கேம்பிரிட்ஜிலும் ஹார்வார்டிலும் கற்றவர். 1939 முதல் 1963 வரை கொழும்புத் தேசிய நூதனசாலையின் பணிப்பாளராக விளங்கினார். இரத்தினபுரியில் மாணிக்கம் தேடுவோர் சரளையோடு வாரியெடுத்த எலும்புகளும் பற்களும் அவருக்கு மாணிக்கத்தினும் பெரியனவாகத் தோன்றின. நீர்யானையும் காண்டாமிருகமும் இத்தீவில் வாழ்ந்து மறைந்தன என அவற்றைக் கொண்டு எழுதினார். மறைந்த யானைகள் பற்றிய அவரது நூல் 1955 இலும், இலங்கையின் பிளைஸ்டோசீன் காலம் பற்றிய நூல் 1958 இலும் ஆங்கிலத்தில் வெளிவந்தன. பலாங்கொடை மனிதனுக்குப் பெயர் சூட்டியவரும் அவரே.

குருவிட்டையில் இரண்டு பற்கள் கிடைத்தன. அவற்றை ஆராய்ந்து, இலங்கையிலே சிங்கம் வாழ்ந்தது என 1939 இல் எழுதினார். பல்லைக் கொண்டு ஒரு சிங்கமா என ஐயுறுதல் இயல்பே. சிறு வேறுபாட்டுக்கும் புதுப்பெயர் சூட்டும் வேகம் அவரிடம் இருந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. எமக்கு அயலிலுள்ள மகாவலி வெள்ளச் சமவெளியின் வில்லுகளில் மேயும் யானைகளை அவர் தனி உபஇனமாக்கினார். இன்றைய அறிஞர் அதனை ஏற்பதில்லை.

ஆயினும் சிங்கத்தின் பல் நின்றது. 66 ஆண்டுகளின் பின், 2005 இல், வேறு ஆய்வாளர் அதனை மீண்டும் அளந்து, சிங்கத்தின் பல்லே என்றனர். அதே கட்டுரையில், புலியும் இங்கு வாழ்ந்தது என்பதற்கான எச்சங்களை எடுத்துக்காட்டினர். மனிதர் கொடிகளில் ஏற்றுவதற்கு எவ்வளவோ முன்னர் இரண்டு விலங்கும் இம்மண்ணில் நடமாடி மறைந்துவிட்டன! இதைச் சிந்திக்கும்போது எம் மனம் சற்றே அடங்குகின்றது.

தெரணியகல பிழைவிடாதவர் அல்லர். ஆனால் தாம் கண்டதை எழுதிவைத்தார். அதற்கான சான்று நூதனசாலையிற் காக்கப்பட்டது. ஆதலால் பின்வந்தோர் அவரை மறுக்கவும் முடிந்தது, ஏற்கவும் முடிந்தது. நல்ல பதிப்பாசிரியர் பாடபேதங்களை அடிக்குறிப்பில் தருவதும் இதற்காகவன்றோ?

காரைதீவு தந்த விபுலாநந்த அடிகளாரும் அறிவியல் பட்டதாரியே. வழக்கொழிந்த யாழை நூற்சான்றுகளிலிருந்து மீட்டு, 1947 இல் யாழ்நூல் தந்தார். ஒருவர் பல்லிலிருந்து விலங்கைக் கண்டார். மற்றவர் சொல்லிலிருந்து இசைக்கருவியைக் கண்டார். முறை ஒன்றே.

எமது வாவியையும் வில்லுகளையும் பற்றி இவ்வாறு தமிழில் எழுதிவைப்போர் யார்? கேள்வி கேட்ட அந்த மாணவியின் கையில் ஒரு குறிப்பேட்டைக் கொடுத்திருக்கிறேன். கண்டதையும், கண்ட இடத்தையும், திகதியையும் எழுது என்றேன். பிழையிருந்தால் பின்வருவோர் திருத்திக்கொள்வர். எழுதாததை எவராலும் திருத்த முடியாது.