பார்க்கப் படம் இல்லாத ஆய்வு



விஸ்காம் எனும் காட்சித் தொடர்பியல் முடித்த உங்களில் பெரும்பாலோர் கேமராவுக்கும் எடிட்டிங்குக்கும் போவீர்கள். மகிழ்ச்சி. முனைவர் பட்டத்துக்கு ஆசைப்படும் மிச்சம் சிலரோடுதான் எனக்குப் பேச்சு.

“சினிமா பார்க்க டாக்டர் பட்டமா?” என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். பல சமயம் பார்ப்பதற்குப் படமே இருக்காது என்பது அவர்களுக்குத் தெரியாது. 1931இல் வந்த ‘காளிதாஸ்’ படத்துக்கு இன்று பிரதி இல்லை. அதற்கும் முன்பு நடராஜ முதலியார் எடுத்த ‘கீசக வதம்’ மௌனப்படமும் போய்விட்டது. மிஞ்சியவை காகிதங்கள்: பாட்டுப் புத்தகம், நோட்டீஸ், பத்திரிகை விமர்சனம், அரசுக் கோப்பு. அஞ்சல் துறை அதிகாரியாக இருந்த தியடோர் பாஸ்கரன் இப்படிப்பட்ட காகிதங்களைத் தேடிப் படித்து 1981இல் வெளியிட்ட ‘தி மெசேஜ் பேரர்ஸ்’ நூலைத் தாண்டி யாரும் தமிழ் சினிமா ஆய்வுக்குள் நுழைய முடியாது.

அரசுக் காகிதங்களுக்கு ஓர் எடுத்துக்காட்டு: 1927–28இல் சென்னை வக்கீல் ரங்காச்சாரியார் தலைமையில் ஒரு குழு, ரங்கூன் வரை போய், சினிமா பற்றிச் சாட்சியம் வாங்கியது. அந்தச் சாட்சியம் கேள்வியும் பதிலுமாகவே தொகுதிகளாக அச்சானது. கொட்டகைக்காரரும் அதிகாரியும் பேசுவதை அப்படியே கேட்கலாம். குழுவின் அறிக்கையை மட்டும் மேற்கோள் காட்டிவிட்டுச் சாட்சியத்தைப் புரட்டாமல் விடுவது சோம்பேறித்தனம் என்பேன்.

தொலைக்காட்சி பற்றிய ஆய்வில் வேலை இன்னும் அதிகம். சென்னையில் தூர்தர்ஷன் தொடங்கியது 1975இல், சன் டிவி 1993இல். அன்று நிகழ்ச்சி தயாரித்தவர்கள் பலருக்கு வயதாகிவிட்டது. கோட்பாட்டு நூல்களைப் பிறகு படிக்கலாம்; முதலில் அவர்கள் முன்னால் ரெக்கார்டரை வையுங்கள்.

பணம்? யு.ஜி.சி.யின் நெட் தேர்வு எழுதி ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய். முனைவர் பட்டம் பெறக் குறைந்தது மூன்று ஆண்டு ஆகும், ஆறும் ஆகலாம். வீட்டில் இப்போதே சொல்லிவையுங்கள். நெறியாளரின் புகழைப் பார்க்காதீர்கள், எழுதிக் கொடுத்ததை வரிவரியாகத் திருத்தித் தருகிறவரா என்று சீனியர்களிடம் விசாரியுங்கள்.

தலைப்பு தேடி டெல்லிக்குப் போக வேண்டாம். உங்கள் ஊரில் கல்யாண மண்டபமாகிவிட்ட தியேட்டரின் பழைய முதலாளி வீட்டுக்குப் போய், டி.சி.ஆர். எனும் தினசரி வசூல் கணக்கு நோட்டுகள் பரணில் கிடக்கின்றனவா என்று கேளுங்கள். கிடந்தால், எடைக்குப் போடுவதற்கு முன் வாங்கிவிடுங்கள்.