தரையில் அமர்ந்து கற்பிப்போர்



காவிரி தமிழகத்தின் எல்லைக்குள் புகுந்த சிறிது தூரத்திலேயே பாறைகளினிடையே அருவியாய் வீழ்கின்ற இந்த ஒகேனக்கல்லில், பரிசல் துறைக்கும் மீன் வறுவல் கடைகளுக்கும் கூப்பிடு தூரத்தில் இந்தப் பட்டமளிப்பு விழா நடைபெறுவதும், மழலையர் கல்வியில் பயிற்சி முடித்த உங்கள் முன் பேசும் பாக்கியம் எனக்குக் கிட்டியதும் என் மனத்திற்கு மிகுந்த நிறைவைத் தருகின்றன. பட்டமளிப்பு உரை என்றால் பொதுவான உபதேசம் என்று கொள்ளும் சம்பிரதாயம் இருந்தாலும், இந்தக் கணத்தில் உங்கள் மனத்தில் நிச்சயமாக இருக்கக்கூடிய கேள்வியையே எடுத்துக்கொள்ள விரும்புகிறேன். மேலே என்ன படிப்பது? படிப்பை ஒத்திவைத்து உத்தியோகத்தில் அமர்வதா? அமர்ந்தால் எங்கே?

வீட்டுப் பெரியவர்கள் இதற்கு ஒரு விடை வைத்திருப்பார்கள். “சின்னப் பிள்ளைகளோடு எத்தனை நாள் காலம் தள்ளுவாய்? பி.எட். முடித்துப் பெரிய வகுப்புக்குப் போய்விடு” என்று அவர்கள் சொல்வதில் உங்கள் ஜீவனத்தைப் பற்றிய நியாயமான கவலை இருக்கிறது, அதை நான் அலட்சியம் செய்யவில்லை. ஆயினும் அக்கவலைக்கு அடியில், கல்லூரியில் கற்பிப்பவருக்குத் தகுதித் தேர்வில் வெற்றியோ முனைவர் பட்டமோ வேண்டும், மேல்நிலைப் பள்ளியில் கற்பிப்பவருக்கு முதுகலைப் பட்டம் வேண்டும் என்று கேட்டுவிட்டு, மூன்று வயதுக் குழந்தையிடம் இருப்பவருக்கு மட்டும் நாலு பாட்டும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் போதும் என்று தீர்மானித்துவிட்ட ஒரு சமூக அபிப்பிராயம் கிடக்கிறது. அந்த அபிப்பிராயத்தை நான் முழுமனத்தோடு மறுக்கிறேன். நம்முடைய அரசியல் சாசனமே இவ்விஷயத்தில் சற்றுத் தயங்கித்தான் நிற்கிறது: 2002ஆம் ஆண்டின் 86ஆவது திருத்தம் 6 முதல் 14 வயது வரையிலான குழந்தைகளுக்குக் கல்வியை அடிப்படை உரிமையாக்கியது, ஆறு வயது நிரம்பாத குழந்தைகளைப் பற்றி 45ஆவது பிரிவில், அரசு முயற்சி செய்யும் என்ற அளவோடு நின்றுவிட்டது.

வாழ்வின் முதல் சில ஆண்டுகளின் முக்கியத்துவத்திற்குச் சாட்சி தேடி நாம் வெளியூர் செல்லவேண்டியதில்லை. தருமபுரி மாவட்டத்தின் பல கிராமங்களில் ஆழ்குழாய்க் கிணற்று நீரில் ஃப்ளோரைடு மிகுந்திருந்து, தலைமுறை தலைமுறையாகப் பற்களில் பழுப்புக் கறையையும், கடுமையாகத் தாக்கியவரிடத்தில் எலும்புகளில் வளைவையும் உண்டாக்கியதை நீங்கள் அறிவீர்கள். உங்களில் சிலருடைய தாத்தா பாட்டிகளிடத்தில் கண்டும் இருப்பீர்கள். நிலைப்பற்களின் எனாமல் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் ஏழெட்டு வயதுக்குட்பட்ட காலத்தில்தான் அந்த நீர் பல்லைக் கெடுக்கிறது; அந்தப் பருவம் கடந்தபின் எத்தனை நல்ல நீரைக் குடித்தாலும் ஏற்கெனவே விழுந்த கறை போவதில்லை. இந்தக் காவிரி நீரையே குழாய் வழியே தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் கொண்டுசெல்லும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பானிய நிதியுதவியோடு நிறைவேறி 2013இல் தொடங்கப்பட்டது. மகத்தான காரியம். ஆனால், குழந்தைகள் அமரும் இடத்தில் பானையிலுள்ள நீர் அந்தக் குழாயிலிருந்து வந்ததா, பழைய கைப்பம்பிலிருந்து வந்ததா என்று கேட்கத் தெரிந்த ஒருவர் அங்கே இருக்கவேண்டுமல்லவா? அந்தக் கேள்வியைக் கேட்பதற்கு உடலியல் தெரிந்திருக்க வேண்டும். கேட்டபின் தாய்மார்களுக்குப் புரியும்படி எடுத்துச்சொல்ல மொழியும் மனோதத்துவமும் தெரிந்திருக்க வேண்டும். மழலையர் ஆசிரியைக்கு வேண்டிய யோக்கியதை சொற்பமன்று.

மேற்படிப்பு என்பதைப் பற்றி மரியா மாண்டிசோரி அம்மையாரின் வாழ்க்கை நமக்குச் சொல்வது மிகுதி. 1896இல் ரோம் பல்கலைக்கழகத்தில் மருத்துவராகத் தேறியவர் அவர். மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கான ஸ்தாபனமொன்றின் பொறுப்பில் இருந்து கீர்த்தியும் பெற்றவர். 1901இல் அப்பதவியைத் துறந்து, தாம் பட்டம் பெற்ற அதே பல்கலைக்கழகத்தில், தத்துவமும் மனோதத்துவமும் மானிடவியலும் பயிலும் மாணவியாக மறுபடியும் சேர்ந்தார். குழந்தைகளோடு இருந்த அனுபவம் எழுப்பிய வினாக்களும் அவரை அப்படிப்புக்கு இட்டுச்சென்றன. 1907இல் சான் லொரென்சோ என்னும் ஏழைக் குடியிருப்பில் அவர் தொடங்கிய குழந்தைகள் இல்லம் அப்படிப்பின் பின்னரே வந்தது. அதே அம்மையார் 1939இல், தமது 69ஆவது வயதில், சென்னை அடையாற்றுக்கு வந்து பயிற்சி வகுப்பு நடத்தியதும், இரண்டாம் உலக யுத்தத்தால் திரும்ப இயலாமல் கொடைக்கானலில் தங்கியிருந்த காலத்திலும் குழந்தைகளைக் கவனித்துத் தம் கொள்கையை மேலும் விரித்துக்கொண்டதும் நம் தமிழ்நாட்டின் கல்வி வரலாற்றில் பெருமைக்குரிய ஏடுகள்.

நம் தேசத்திலும் இத்தகையோர் உண்டு. வக்கீல் தொழிலை விட்டுவிட்டு 1920இல் பவநகரில் பாலமந்திர் கண்ட கிஜுபாய் பதேக்காவிடம், ஒரு மகளிர் பயிற்சிக் கல்லூரியின் முதல்வர் பதவியை உதறிவிட்டு வந்து சேர்ந்தார் தாராபாய் மோடக். உலகம் இறக்கம் என்று கருதக்கூடிய அந்த அடியே அவருடைய வாழ்வின் ஏற்றமாயிற்று. 1945இல் மகாராஷ்டிரக் கடலோரத்துப் போர்டியிலும், பின்னர் கோஸ்பாட் குன்றிலும், அவரும் அவருடைய சிஷ்யை அனுதாய் வாகும் ஆதிவாசிக் குழந்தைகளுக்காக நடத்திய அங்கன்வாடிகளில், விலைக்கு வாங்கிய கருவிகளுக்குப் பதிலாக அங்கே கிடைத்த விதைகளும் கூழாங்கற்களும் கிளிஞ்சல்களும் பயன்பட்டன. மாடு மேய்க்கப் போனதால் வகுப்புக்கு வராத பிள்ளைகளைப் பின்தொடர்ந்து ஆசிரியரே மேய்ச்சல் நிலத்துக்குச் சென்று கற்பித்தார். அனுதாய் பால்யத்திலேயே விதவையானவர். அதன் பின்னர் படித்து ஆசிரியையானவர். படிப்புக்கு வயது கடந்துவிட்டதென்று உங்களுள் எவரும் நினைக்கவேண்டாம்.

இனி நடைமுறைக்கு வருகிறேன். தொடக்கப் பள்ளி ஆசிரியராக விரும்புவோர் பி.எட். பட்டத்தை நம்பிச் செல்லாதீர்கள். தொடக்க வகுப்புகளுக்கு அது தகுதியாகாது என்று உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் தீர்ப்பளித்துவிட்டது. இரண்டாண்டுத் தொடக்கக் கல்விப் பட்டயமும் ஆசிரியர் தகுதித் தேர்வுமே அதற்குரிய மார்க்கம். குழந்தை வளர்ச்சியை ஆழ்ந்து கற்க விரும்புவோருக்குக் கோவை அவினாசிலிங்கம் போன்ற நிறுவனங்களின் மனையியல் துறைகளில் மனித மேம்பாட்டுப் படிப்பு உண்டு. வேலையை விடமுடியாதவர்களுக்கு இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் மழலையர் பராமரிப்பு, கல்வி குறித்த பட்டயம் இருக்கிறது. எதில் சேர்ந்தாலும் அதன் அங்கீகாரத்தை முதலில் விசாரியுங்கள். குழந்தைகளோடு எத்தனை வாரம் இருக்கச் செய்வார்கள் என்பதை அடுத்தபடியாக விசாரியுங்கள். குழந்தையைக் காட்டாமலே குழந்தைக் கல்விக்குச் சான்றிதழ் தரும் இடங்கள் பெருகிவருகின்றன. அவற்றுக்குச் செலுத்தும் பணம் விரயம்.

என்னுடைய அந்தரங்கமான அபிப்பிராயம், முதலில் இரண்டு மூன்று ஆண்டு வேலை செய்யுங்கள் என்பதே. 1972இல் மீனா சுவாமிநாதன் தலைமையிலான ஆய்வுக்குழு பள்ளிப் பருவத்திற்கு முற்பட்ட குழந்தைகளைப் பற்றி அளித்த அறிக்கையை அடுத்து, 1975 அக்டோபர் 2ஆம் நாள் 33 வட்டாரங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணித் திட்டம், இன்று நம் மாநிலத்தில் மட்டும் 54 ஆயிரத்திற்கு மேற்பட்ட அங்கன்வாடி மையங்களாகப் பரந்திருக்கிறது. பென்னாகரம் பக்கத்து மையம் ஒன்றில் நான் கண்டது இது: பரிசல் ஓட்டுபவரின் மகளான ஒரு சிறுமி, தேங்காய்ச் சிரட்டை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் புளியங்கொட்டைகளை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருந்தாள், ஒன்று கீழே விழுந்தால் மொத்தத்தையும் கொட்டிவிட்டு மறுபடி தொடங்கினாள். எடைப் பதிவேடும் கைபேசிப் பதிவும் நிலுவையில் இருக்க, அருகே அமர்ந்திருந்த பால்வாடி டீச்சர் குறுக்கிடாமல் அவளைக் கவனித்துக்கொண்டிருந்தார். கொட்டையைத் தாமே பொறுக்கி அவள் சிரட்டையில் போட்டுவிட நம்மில் பலருக்குக் கை துறுதுறுக்கும். அந்தக் கையை அடக்கத் தெரிவது ஒரு வித்தை. அது நூலில் பாதியும் தரையில் பாதியுமாகக் கற்கப்படுவது.

அந்த டீச்சரைப் போன்றோருக்குத் தருவதை மத்திய அரசு சம்பளம் என்றுகூடச் சொல்வதில்லை, மதிப்பூதியம் என்கிறது. அவர்களுக்குப் பணிக்கொடை பெறும் உரிமை உண்டென்பதையே உச்ச நீதிமன்றம் 2022இல்தான் சொல்லவேண்டியிருந்தது. ஆகவே, நீங்கள் மேற்படிப்புப் படித்து அதிகாரியாகவோ பேராசிரியராகவோ ஆனால், தரையில் அமர்ந்திருப்பவரின் ஊதியத்தையும் கௌரவத்தையும் உயர்த்துவதை உங்கள் உத்தியோகத்தின் முதற்கடமையாகக் கொள்ளவேண்டுமென்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன்.

பெங்களூருக்கும் திருப்பூருக்கும் கட்டட வேலைக்குப் போன தாய் தந்தையரைப் பிரிந்து பாட்டியிடம் வளரும் குழந்தையும், வீட்டில் கன்னடமோ தெலுங்கோ பேசிவிட்டு வகுப்பில் தமிழைக் கேட்டு மௌனமாகிவிடும் குழந்தையும், இருளர் குடியிருப்பிலிருந்து நடந்துவரும் குழந்தையும் உங்கள் வரவை எதிர்பார்த்திருக்கின்றன. இவ்வாண்டு நீங்கள் எங்கே அமர்ந்தாலும் சரி, இவர்களுள் ஒரு குழந்தையைத் தேர்ந்துகொண்டு, அது என்ன பேசிற்று, எதைத் தொட்டது, எப்போது அழுதது, எதைத் திரும்பத் திரும்பச் செய்தது என்பதை வாரந்தோறும் ஒரு நோட்டில் எழுதிவாருங்கள். ஓராண்டு கழித்து அதை எடுத்துப் படித்துப் பாருங்கள். உங்களால் விளங்கிக்கொள்ள முடியாமற்போன பக்கங்கள் எவையோ, அவற்றுக்கு விடை தரும் படிப்பு எதுவோ, அதற்கு விண்ணப்பம் செய்யுங்கள். படித்து முடித்தபின் உங்களில் சிலராவது இந்தப் பென்னாகரம் வட்டத்திற்கே திரும்பி வாருங்கள் என்று வேண்டிக்கொள்கிறேன்.