கண்ணாடித் தொட்டியும் ஊர்க் குளமும்



வீட்டுக் கூடத்திலே கண்ணாடித் தொட்டி ஒன்றை அமைத்து, வண்ண மீன்களை வளர்க்கும் வழக்கம் கோவை நகரிலும், அதன் வடபால் சத்தியமங்கலம் சாலையில் உள்ள எங்கள் சரவணம்பட்டியிலும் பெருகி வருகிறது. அவ்வாறு வளர்க்கப்படும் மீன்களுள் சிக்லிட் என்னும் குடும்பத்தைப் பற்றி இன்று சில செய்திகளைக் கூற விரும்புகிறேன்.

பெயர் புதிதாகத் தோன்றினாலும் இக்குடும்பம் நமக்குப் புதியதன்று. கடைகளில் விற்கும் ஏஞ்சல், ஆஸ்கர், டிஸ்கஸ் ஆகியவை தென்னமெரிக்க ஆறுகளைச் சேர்ந்த சிக்லிட் மீன்கள். நீலமும் மஞ்சளுமாக மின்னுபவற்றுட் பல, ஆப்பிரிக்காவின் மலாவி ஏரிக்கு உரியவை. கேரளம் 2010-ஆம் ஆண்டில் தன் மாநில மீனாக அறிவித்த கரிமீனும், அதன் சிறிய உறவான பள்ளத்தியும் நம் நாட்டுச் சிக்லிட்கள். நம் சந்தையில் விற்கும் ஜிலேபிக் கெண்டையும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே.

மீன் இனங்களிற் பெரும்பாலானவை முட்டையிட்டதோடு தம் கடமை முடிந்ததென்று போய்விடும். சிக்லிட்களோ அவ்வாறல்ல. ஏஞ்சல் மீன்கள் அகன்ற இலையில் முட்டைகளை ஒட்டி வைத்து, ஆணும் பெண்ணுமாகத் துடுப்பால் விசிறிக் காக்கின்றன. மலாவி ஏரி மீன்களிற் பெரும்பாலானவற்றில், தாய் தன் முட்டைகளை வாய்க்குள்ளேயே வைத்து அடைகாக்கிறது. அந்நாட்களில் பெரும்பாலும் இரை கொள்வதில்லை. பள்ளத்தியின் குஞ்சுகள் பெற்றோரின் உடலிற் சுரக்கும் வழவழப்பைக் கொறித்து வளர்கின்றன. இக்காட்சிகளைக் காணும் சிறுவனுக்கு விலங்கியலில் தனிப்பாடம் வேண்டியதில்லை.

ஆனால் அன்புக்கு மறுபுறம் ஒன்று உண்டு. தன் குஞ்சைக் காக்கும் மீன், அருகில் வரும் பிற மீனைத் துரத்தும், கடிக்கும். இடம் குறுகியிருந்தால் கொன்றும் விடும். ‘நேற்றுவரை ஒற்றுமையாய் இருந்த மீன்கள் இன்று ஏன் சண்டையிடுகின்றன?’ என்று வியப்போர், அவை தம் எல்லையை வகுத்துக்கொண்டதை அறியாதவர்கள். ஆகையால் தொட்டி பெரிதாயிருத்தல் வேண்டும். நான்கடி நீளமும், ஒன்றரையடி அகலமும், ஒன்றரையடி உயரமும் உள்ள தொட்டி சுமார் 255 லிட்டர் நீர் கொள்ளும். நீரின் எடை மட்டுமே கால் டன்னுக்கு மேல் ஆகுமாதலால், தாங்கும் மேசையும் அதற்கேற்ப உறுதியாயிருக்க வேண்டும். பாறைகளை அடுக்கி மறைவிடங்கள் செய்து கொடுத்தால் பூசல் குறையும்.

நீரைப் பற்றியும் ஒரு சொல். சிறுவாணி நீர் மென்மையானது; ஏஞ்சலுக்கும் டிஸ்கஸுக்கும் அது ஏற்றது. நம் ஆழ்துளைக் கிணறுகளிற் கிடைக்கும் உப்புத் தண்ணீரோ பெரும்பாலும் கடினத்தன்மை மிக்கது. மலாவி ஏரியின் நீர் காரத்தன்மை உடையதாகையால், அவ்வேரி மீன்களுக்குக் கடின நீர் குறையாகாது. மீனை வாங்கிய பின் நீரைத் தேடுவதைவிட, வீட்டில் வரும் நீரை அறிந்து மீனைத் தேர்வது நன்று. குழாய் நீரில் குளோரின் கலந்திருந்தால் அதை நீக்கிய பின்னரே தொட்டியில் விட வேண்டும். புதுத் தொட்டியில், மீன் கழிவின் அம்மோனியா நஞ்சை மாற்றும் நுண்ணுயிர்கள் பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அதற்குமுன் தொட்டியை மீன்களால் நிறைத்தல் கூடாது. வாரந்தோறும் நான்கிலொரு பங்கு நீரை மாற்றுவது நல்ல பழக்கம். மார்கழி இரவுகளில் நீரைச் சூடாக்கும் கருவியும் தேவைப்படும்.

இத்தனையும் செய்தாலும் ஒருநாள் மீன்கள் தொட்டிக்கு அடங்காமற் பெருகிவிடும். அல்லது வீடு மாற நேரும். அப்போது எழும் கேள்வியை அண்டை வீட்டார் ஒருவர் என்னிடமே கேட்டார்: “ஏனுங்க ஐயா, இதுகளக் கொண்டுபோய்க் குளத்துல உட்டுப்போட்டா புண்ணியந்தானுங்களே?”

நல்ல உள்ளத்திற் பிறந்த கேள்விதான். ஆயினும் விடை, ‘இல்லை’ என்பதே.

ஆப்பிரிக்காவைச் சேர்ந்த ஜிலேபிக் கெண்டை 1952-ஆம் ஆண்டில் இந்தியாவிற்குக் கொண்டுவரப்பட்டது. மக்களுக்கு மலிவாக மீனுணவு கிடைக்க வேண்டும் என்பதே நோக்கம். இரண்டு மூன்று திங்களிலேயே முதிர்ந்து, ஆண்டிற்குப் பலமுறை ஈன்று, குஞ்சுகளை வாயிற் காக்கும் அம்மீன், நம் நீர்நிலைகளில் விரைந்து பெருகிற்று. அமராவதி போன்ற நீர்த்தேக்கங்களிலும் அது நிலைகொண்டது. 1959-ஆம் ஆண்டில் அதைப் பரப்புவதற்குத் தடை விதிக்கப்பட்டது. ஆனால் நீரிற் பரவிய மீன் தடையை அறியுமா? உக்கடம், சிங்காநல்லூர் முதலிய நம் குளங்களில் இன்றும் அதைக் காணலாம். நெரிசல் மிகும்போது அம்மீனும் வளர்ச்சி குன்றுகிறது; நாட்டு மீன்களுக்கோ இரையும் இடமும் குறைகின்றன. தொட்டியிலே நாம் போற்றிய அதே தாயன்புதான் குளத்தில் அதன் படைபலமாகிறது.

சிக்லிட்களே இத்தகைய கேட்டுக்கு ஆளானதும் உண்டு. ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியில் 1950-களில் நைல் பெர்ச் என்னும் பெருமீன் விடப்பட்டது. அது பெருகியதாலும் ஏரிநீர் கெட்டதாலும், அங்கு மட்டுமே வாழ்ந்த சிக்லிட்களுள் சுமார் 200 வகைகள் மறைந்தன என அறிஞர் மதிப்பிடுகின்றனர். ஒரு நீர்நிலையில் அந்நியரை விடுவது எளிது. திரும்பப் பிடிப்பது அரிது.

ஆகவே மிகுந்த மீன்களை விற்ற கடையிலேயே திருப்பிக் கொடுத்துப் பாருங்கள். அல்லது தொட்டி வைத்திருக்கும் மற்றொருவரிடம் ஒப்படையுங்கள். வாங்குவதற்கு முன்பே அது எவ்வளவு வளரும் என்று கேட்டறியுங்கள். கையகலக் குட்டித் தொட்டியில் விற்கப்படும் ஆஸ்கர், ஓரடி வரை வளரக்கூடியது.

எங்கள் பக்கத்துச் சின்னவேடம்பட்டி ஏரி பல்லாண்டுகள் வறண்டு கிடந்தது. அங்கு மழைநீர் தேங்கும்போது, அதில் முதலில் துள்ளவேண்டியவை நம் கெண்டையும் விராலுமே. அவற்றுக்குரிய இடத்தை விட்டுவைப்பதும் மீன் வளர்ப்போரின் கடமைதான். இதைத் தம் பிள்ளைகளுக்குத் தொட்டியருகே நின்று பெற்றோர் சொல்லிவைத்தால் போதும்.