பொருள் வரைதலும் முதுமைக் கணக்கும்

(தசலட்சணப் பருவத்தின் ஒன்பதாம் நாள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று உத்தம ஆகிஞ்சன்ய நாள். எனதென்று யாதுமில்லை என எண்ணிப் பார்க்க வேண்டிய இந்நாளில் ஓய்வுக்காலச் சேமிப்பைப் பற்றிப் பேசுமாறு பணித்திருக்கிறீர்கள். முதலில் தயங்கினேன். பின்னர் எண்ணியபோது இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்று தோன்றியது. முற்றத் துறத்தல் துறவியர்க்கு உரியது. இல்லறத்தார்க்கு விதிக்கப்பட்டது பொருளை வரைந்துகொள்ளுதல். நிலம், மனை, பொன், வெள்ளி, கால்நடை, தானியம், ஆடை, கலன் என்று இனம் இனமாகப் பிரித்து, 'இவ்வளவே எனக்குப் போதும்' என எல்லையிட வேண்டும். எல்லையிடுமுன் இருப்பதை எண்ணியாக வேண்டும் அல்லவா? எண்ணாமல் இட்ட எல்லை எப்படியிருக்கும் என்பதற்கு நானே சான்று.

மணமான சில ஆண்டுகளில், எங்கள் ஊருக்கு எழுந்தருளிய முனிவர் ஒருவர் முன்னிலையில் அவ்விரதம் ஏற்றேன். பொன்னுக்கு எல்லை என்ன என்று கேட்டார். ஐம்பது சவரன் என்றேன். அப்போது வீட்டில் இருந்தது பதினெட்டுச் சவரன்தான் என்பது பின்னால் தெரிந்தது. நான் வரைந்தது எல்லையன்று, ஆசை! நிலத்துக்கும் ரொக்கத்துக்கும் என்ன சொன்னேன் என்பது நினைவிலேயே இல்லை. அவற்றை என் கணவர் அறிவார் என்று இருந்துவிட்டேன்.

முப்பத்து மூன்று ஆண்டுகள் தமிழாசிரியையாகப் பணியாற்றினேன். மாணவர்க்குச் சீர் பிரித்து அசை எண்ணக் கற்பித்த நான், என் சம்பளத்தை ஒரு நாளும் எண்ணிப் பார்த்ததில்லை. வங்கிப் புத்தகமும் ஏடிஎம் அட்டையும் அவரிடமே இருந்தன. அவர் சிக்கனமானவர், நேர்மையானவர். அவரைக் குறைகூற ஒன்றுமில்லை. 2016இல் ஓய்வு பெற்றபோது வந்த பணிக்கொடை, வருங்கால வைப்பு நிதி, ஓய்வூதியத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தொகுத்துப் பெற்ற தொகை ஆகிய மூன்றையும் அவரே முதலீடு செய்தார். 2019இல் திடீரென மறைந்தார்.

பதினாறாம் நாள் கழிந்தபின் பீரோவைத் திறந்தோம். வேட்டியில் சுற்றிய கட்டொன்றில் வைப்புநிதிச் சீட்டுகள் இருந்தன. எவை முதிர்ந்தவை, எவை புதுப்பிக்கப்பட்டவை என்று யார்க்கும் தெரியவில்லை. காப்பீட்டுப் பத்திரமொன்றில் நியமனதாரராக என் மாமியார் பெயரே இருந்தது. அவர் மறைந்து பதினோராண்டுகள் ஆகியிருந்தன. உறவினர் ஒருவரின் கடனுக்கு அவர் பிணையொப்பம் இட்டிருந்த செய்தியையும் வங்கிக் கடிதம் வந்த பிறகே அறிந்தேன். வாரிசுச் சான்றிதழ், உறுதிமொழிப் பத்திரம் என்று ஏழு மாதங்கள் அலைந்தேன். எம்.ஏ. படித்த என்னை வங்கியில் ஓர் இளைஞர், "பாட்டி, படிவம் நிரப்பத் தெரிந்தவர் யாராவது வீட்டில் இருக்கிறார்களா?" என்று கேட்டார். சினம் வரவில்லை. அவர் கேட்டது சரியான கேள்விதான்.

இந்த அனுபவத்திலிருந்து நான் கற்றவற்றை இனிச் சொல்கிறேன்.

நம் சமூகத்தில் ஆசிரியப் பணி பார்த்தவர்கள் மிகுதி. ஆதலால் ஓய்வூதியம் என்பது மழைபோலத் தானே பொழியும் என்ற எண்ணம் நம் வீடுகளில் உண்டு. நம் பிள்ளைகளுக்கு அந்த மழை இல்லை. தமிழக அரசுப் பணியில் 1.4.2003க்குப் பின் சேர்ந்தோர் பங்களிப்புத் திட்டத்தின்கீழ்ச் சேர்க்கப்பட்டனர். தனியார் நிறுவனத்தில் இருப்போர் நிலை இன்னும் மெலிது. தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில் பெரும்பாலோர்க்குக் கணக்கிடப்படும் ஊதிய உச்சவரம்பு 15,000 ரூபாய்தான். அதைப் பணியாண்டுகளால் பெருக்கி 70ஆல் வகுப்பார்கள். முப்பதாண்டு உழைத்தாலும் மாதம் 7,000 ரூபாய் தேறாது. சென்னையிலும் பெங்களூரிலும் கணினித் துறையில் இருக்கும் நம் பிள்ளைகள் இந்தக் கணக்கை ஒருமுறையேனும் போட்டுப் பார்த்திருப்பார்களா? விலைவாசி ஆண்டுக்கு நூற்றுக்கு ஆறு வீதம் ஏறினால் பன்னிரண்டு ஆண்டுகளில் செலவு இரட்டிப்பாகும். அறுபதில் 40,000 ரூபாயில் நடக்கும் குடும்பத்துக்கு எழுபத்திரண்டில் 80,000 வேண்டும். மருத்துவச் செலவை நான் இதில் சேர்க்கவே இல்லை.

ஓய்வு பெற்ற நம்மவர்க்கு வேறோர் இடர் உண்டு. மொத்தத் தொகை கைக்கு வந்த செய்தி நமக்குமுன் உறவினர்க்குத் தெரிந்துவிடும். மகனின் அடுக்குமாடி வீட்டுக்கு, மகளின் மணத்துக்கு, தம்பியின் கடைக்கு என்று ஆறு மாதத்தில் கரைந்துவிடும். தொகுத்துப் பெற்ற பங்குக்காகப் பதினைந்து ஆண்டுகள் ஓய்வூதியத்தில் பிடித்தம் தொடரும் என்பதை அந்த ஆறு மாதத்தில் யாரும் நினைப்பதில்லை. கொடுக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஓராண்டு பொறுத்துக் கொடுங்கள். அதுவரை அஞ்சலகத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் ஒரு பகுதியை வைக்கலாம். அறுபது நிறைந்த ஒருவர் 30 லட்சம் வரை வைக்கலாம். காலாண்டுதோறும் வட்டி வரும். முதிர்வு ஐந்தாண்டாதலால் இடையில் எடுத்தால் சிறிது இழப்பு உண்டு. அந்தத் தடையும் ஒருவகையில் நமக்குக் காவல்தான். வங்கியில் வைப்போர் ஒன்றை நினைவிற்கொள்ளட்டும்: வங்கி முடங்கினால் காப்பீடு கிடைப்பது ஒருவருக்கு ஒரு வங்கியில், வட்டியும் சேர்த்து, 5 லட்சம் வரைதான். கூடுதல் வட்டிக்கு ஆசைப்பட்டு, பெயர் தெரியாத இடங்களில் போடுவோரைப் பற்றி நான் பேசப் போவதில்லை. அந்தக் கதைகள் நம் ஒவ்வொரு வீதியிலும் உண்டு.

வீட்டைப் பிள்ளைகளுக்கு எழுதிக் கொடுப்பது பற்றி ஒரு சொல். 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், பேணுவார் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, அவர் பேணாதபோது மீட்க வழி செய்கிறது. அந்நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதிவிடுங்கள். "பெற்ற பிள்ளையிடம் நிபந்தனையா?" என்று மனம் கூசும். எனக்கும் கூசியது. என் மகனிடமே கேட்டேன். "எழுதுங்கள் அம்மா, எனக்கும் அதுதான் நிம்மதி" என்றான். இறுதியில் நான் வீட்டை எழுதிக் கொடுக்கவே இல்லை. உயில் மட்டும் எழுதினேன். மகனுக்கும் மகளுக்கும் சமமாக. உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டியதில்லை, பதிவும் கட்டாயமன்று. சாட்சிகள் இருவர் வேண்டும். நியமனதாரர் என்பவர் பொதுவாகப் பணத்தைப் பெற்று உரியவர்க்குச் சேர்ப்பவரே. அதனாலேயே அவர் உரிமையாளர் ஆகிவிடுவதில்லை. பல குடும்பங்கள் பிளவுபட்டது இந்த ஒரு செய்தி தெரியாமல்தான்.

கணவர் மறைந்த மறு ஆண்டு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் ஒன்று வாங்கினேன். நிலம், மனை, பொன், வைப்புநிதி, காப்பீடு, பிறர்க்குத் தர வேண்டியது, பிறரிடமிருந்து வர வேண்டியது என்று இனம் இனமாக எழுதினேன். விரதத்தின் பட்டியல் அப்படியே பயன்பட்டது. கால்நடை மட்டும் இல்லை. ஆண்டுதோறும் இப்பருவம் தொடங்குமுன் மகளையும் மருமகளையும் அருகில் அமர்த்தி ஒவ்வொரு வரியையும் சரிபார்க்கிறேன். இரண்டாண்டு மருத்துவத்துக்கும் உணவுக்கும் ஒதுக்கியது போக மிஞ்சுவதைக் கண்டபின், பொன்னின் எல்லையைப் பன்னிரண்டு சவரன் என்று மீண்டும் வரைந்தேன். இம்முறை எண்ணிவிட்டு வரைந்தேன். மிகுந்த ஆறு சவரன் பேத்திகளின் படிப்புக்கும் ஔஷத தானத்துக்கும் போயிற்று.

அந்த நோட்டுப் புத்தகத்தை இன்று கொண்டுவந்திருக்கிறேன். உரை முடிந்ததும் மண்டப வாயிலருகே அமர்ந்திருப்பேன். பார்க்க விரும்பும் தாய்மார்கள் வரலாம். தொகைகளின்மேல் மட்டும் தாள் ஒட்டி மறைத்திருக்கிறேன்.