ஹெப்ரான் ஓடையும் ஒரு வகுப்பறையும்



இஸ்ரேலிய, பாலஸ்தீன மாணவர்கள் சமாதானத்துக்காகச் செய்யும் வேலையைப் பற்றிப் பேசப் போகிறேன். "அங்கே ஏதுப்பா சமாதானம்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். அதனால் கசப்பான சங்கதியிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

1993-ல் ஜான் வாலக் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் 'சீட்ஸ் ஆஃப் பீஸ்' அமைப்பைத் தொடங்கினார். மெய்ன் மாநிலத்தில் ஒரு கோடை முகாம். இரு தரப்புப் பிள்ளைகளும் ஒன்றாகத் தங்கி, ஒன்றாகச் சாப்பிட்டு, உட்கார்ந்து வாதாடுவார்கள். அங்கே போய் வந்தவர்களில் ஒருவர் ஆசெல் அஸ்லே. இஸ்ரேலியக் குடிமகனான பாலஸ்தீனர். ஊர் கலிலேயாவில் உள்ள அராபா. 2000 அக்டோபரில், ஒரு ஆர்ப்பாட்டத்தின்போது போலீசார் சுட்டதில் இறந்தார். வயது 17. உடம்பில் அந்த முகாமின் பச்சைச் சட்டை. அந்த நாட்களில் உயிரிழந்த அரபியர் 13 பேர். விசாரணைக் கமிஷன் 2003-ல் அறிக்கை தந்தது. ஒரு போலீஸ்காரர் மீதும் வழக்கு வரவில்லை.

முகாமிலிருந்து ஊர் திரும்பினால் யூத நண்பன் ராணுவத்துக்குப் போவான், மேற்குக் கரை நண்பன் செக்போஸ்ட் வரிசையில் நிற்பான். கைகோத்துப் பாடினால் இந்த ஏற்றத்தாழ்வு போயிடாது. "இருக்கிற நிலைமையை சகஜம்னு ஒத்துக்க வைக்கிற ஏற்பாடு" என்று பாலஸ்தீனர்கள் பலர் இப்படிப்பட்ட சந்திப்புகளையே எதிர்க்கிறார்கள். அதிலே விஷயம் இருக்கு என்பதுதான் என் எண்ணம். நட்பு மட்டும் போதாது. சேர்ந்து செய்ய ஒரு வேலையும், ஏற்றத்தாழ்வை முகத்துக்கு நேராகப் பேச ஓர் இடமும் வேண்டும்.

அப்படி ஓர் இடம், தெற்கே பாலைவனத்தில் கெதுரா என்ற கூட்டுப்பண்ணைக் கிராமத்தில் 1996-ல் தொடங்கிய அராவா சுற்றுச்சூழல் கல்வி நிறுவனம். யூதர், அரபியர், பாலஸ்தீனர், ஜோர்டானியர் எல்லாரும் ஒரே விடுதி. ஃபேன் ஸ்விட்சுக்காக ரூம்மேட்டோடு மல்லுக்கட்டியவர்கள் நாம், அவங்க நிலைமையைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க! தண்ணீர், சூரிய மின்சாரம், சூழலியல் எல்லாம் பாடம். கூடவே, வட்டமாக உட்கார்ந்து அரசியல் பேசுவதும் பாடத்திட்டத்திலேயே உண்டு.

அவர்கள் ஆராய்ந்த ஒரு ஓடையைச் சொல்கிறேன். பொறியாளன் என்பதால் கொஞ்சம் நீட்டுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மேற்குக் கரை மலையில் ஹெப்ரான் நகரம். அதன் சாக்கடையும் கல் அறுக்கும் பட்டறைகளின் சகதியும் ஓடையில் இறங்கி, இஸ்ரேலுக்குள் பீர்ஷெபா பக்கம் போய், வேறு ஓடைகளோடு சேர்ந்து, காஸா வழியாகக் கடலில் கலக்கும். பாலஸ்தீனர், இஸ்ரேலியர், மறுபடி பாலஸ்தீனர். மேற்குக் கரையில் சுத்திகரிப்பு நிலையம் கட்டணும்னா, 1995 ஒப்பந்தப்படி அமைந்த கூட்டுக் குழு தலையாட்டணும். பல இடங்களில் இஸ்ரேல் ராணுவ நிர்வாகத்தின் அனுமதியும் வேணும். எல்லைக்குக் கீழே இஸ்ரேல் சுத்திகரிக்கிறது. அந்தச் செலவை, பாலஸ்தீனர்களுக்காக வசூலித்த வரிப்பணத்தில் கழித்துக்கொள்கிறது. இரு தரப்பு ஆய்வாளர்களும் இந்த ஓடையில் நீர் மாதிரி எடுத்தார்கள். பி.ஓ.டி. அளவில் தகராறு வராது. "யார் சரி செய்வது?" என்றதும் ஆக்கிரமிப்பு, பாதுகாப்பு எல்லாம் மேஜைக்கு வந்துவிடும். வரட்டுமே, அதுக்குத்தானே வகுப்பு!

2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் தாக்குதலில் சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டார்கள். தொடர்ந்த போரில் காஸாவில் பல்லாயிரம் பேர் மாண்டார்கள். இதற்குப் பிறகும் இரு தரப்பும் பேசுமா?

2024 மே மாதம், ஹெப்ரானுக்கு மேற்கே தர்குமியா சோதனைச் சாவடியில், காஸாவுக்கு உணவு கொண்டுபோன லாரிகளைச் சிலர் மறித்து மூட்டைகளைக் கிழித்துக் கொட்டினார்கள். 2015-ல் தொடங்கிய 'ஸ்டாண்டிங் டுகெதர்' இயக்கத்தின் தொண்டர்கள், யூதரும் அரபியருமாக, அங்கே போய் லாரிகளுக்குக் காவலாக நின்றார்கள். பல்கலைக்கழகங்களிலும் கிளைகள் உள்ள இயக்கம் அது. அராவா நிறுவனமோ வகுப்பை மூடவில்லை. டமூர் என்ற பாலஸ்தீன அமைப்போடு சேர்ந்து, காஸாவில் வீடிழந்து கூடாரங்களில் இருப்பவர்களுக்குத் தண்ணீர், கழிவுநீர் வசதி செய்யும் வேலையில் இறங்கியது.