தேர்வு கற்பிக்கட்டும்



 இக்கருத்தரங்கில் மாணவர் கற்கும் முறை குறித்துப் பலரும் கட்டுரை வாசிக்கவிருக்கிறீர்கள். முகப்பாக ஒரு கருத்தை முன்வைக்கிறேன். படித்ததைப் புத்தகத்தைப் பாராமல் நினைவுகூர முயல்வதே படிப்பை நிலைக்கச் செய்கிறது. தேர்வை மதிப்பெண்ணுக்கென்றே ஒதுக்கிவிட்டதால் அந்தப் பயனை நாம் இழந்துவருகிறோம்.

படிப்பு நிலைக்க இடைவெளியும் உதவுகிறது என்பதைக் காட்டும், 1885இல் ஜெர்மானிய அறிஞர் எபிங்ஹாஸ் வெளியிட்ட நூலிலிருந்து தொடங்கலாம். பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து பார்த்தவர் அவர். ஒரே அமர்வில் 68 முறை ஓதியதன் பயனை, மூன்று நாள்களில் பிரித்து ஓதிய 38 முறையே தந்துவிட்டது.

2006இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் இருவரும் வெளியிட்ட ஆய்வு இன்னும் கூர்மையானது. மாணவர்கள் ஒரு பகுதியை இருமுறை படித்தார்கள். மற்றொன்றை ஒருமுறை படித்துவிட்டு, நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது இருமுறை படித்ததில் 81 விழுக்காடும், எழுதிப் பார்த்ததில் 75 விழுக்காடும் நினைவில் இருந்தன. ஒரு வாரம் கழித்தோ நிலை தலைகீழானது: முன்னதில் 42, பின்னதில் 56.

உடனடி வெற்றி பின்னர் தலைகீழாவதைக் கணிதப் பயிற்சியிலும் காண்கிறோம். 2007இல் ரோரர், டெய்லர் இருவரும் கன அளவுக் கணக்குகளை ஒரு பிரிவினருக்கு வகைவாரியாகவும், மற்றொரு பிரிவினருக்குக் கலந்தும் கொடுத்தார்கள். பயிற்சியின்போது வகைவாரியாகச் செய்தவர்கள் 89 விழுக்காடும், கலந்து செய்தவர்கள் 60 விழுக்காடும் சரியாகச் செய்தனர். ஒரு வாரத்துக்குப் பின் வகைவாரிப் பிரிவு 20க்கு இறங்கியது. கலந்து செய்தவர்கள் 63இல் நின்றார்கள்.

படிக்கும்போது எளிதாக வருவதைத் தெரிந்துவிட்டதாக மனம் எடுத்துக்கொள்கிறது. மாணவர் ஏமாறும் இடம் இதுதான்.

நினைவிலிருந்து சொல்லவைப்பது நமக்குப் புதிதல்ல. மாலையில் பிள்ளைகளுக்கு ஒரு பூவின் பெயரையோ ஊரின் பெயரையோ சொல்லியனுப்பி, மறுநாள் கேட்கும் வழக்கம் அக்காலப் பள்ளியில் இருந்ததை உ.வே.சா. ‘என் சரித்திரம்’ நூலில் எழுதியுள்ளார். அக்காலப் பள்ளியின் பிரம்பை விட்டுவிட்டு, அந்தக் கேள்வி முறையை மீட்டெடுப்போம்.

என் வேண்டுகோள் இரண்டு. ஒவ்வொரு வகுப்பின் தொடக்கத்திலும் முந்தைய வாரப் பாடத்திலிருந்து மூன்று கேள்விகள் கேட்போம். மதிப்பெண் வேண்டாம், தவறினால் சரியான விடையை அப்போதே சொல்லிக்கொடுப்போம். அடுத்து, நான் சொன்ன அமெரிக்க ஆய்வுகள் கல்லூரி மாணவரிடம் நடந்தவை. தமிழ்வழிப் பள்ளியில் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு எத்தனை நாள் இடைவெளி பொருந்தும், எத்தகைய கேள்வி உதவும் என்பதை இளம் ஆய்வாளர்கள் வகுப்பறைக்கே சென்று கண்டறிய வேண்டும். முடிவுகளை ஆசிரியரும் பெற்றோரும் படிக்கும்படி தமிழில் எழுத வேண்டும்.

பொதுத்தேர்வுக்கு முந்திய இரவு கண்விழித்துப் படிக்கும் பிள்ளைகளின் உழைப்பில் குறையில்லை. அவ்வுழைப்பு பலன் தரும் வழியைக் காட்டுவது நம் கடமை. அக்கடமையை முன்னிறுத்தி இக்கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.