சட்டமும் உடலும்

கணக்கும் பௌதிகமும் கற்பித்து ஓய்வு பெற்ற தலைமையாசிரியனுக்கு மோட்டார் பட்டறையில் என்ன வேலை என்று மாணவ நண்பர்கள் வினவக்கூடும். என் தம்பியிடம் பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் ஒன்று உண்டு. அதன் அடிச்சட்டம் துருவேறி நலிந்திருந்தது. அதைச் செப்பனிட வேண்டுமாயின் மேலிருக்கும் உடலைக் கழற்றியாக வேண்டும். சென்ற கோடை விடுமுறையில் தம்பி மகனும் அவனுடைய கல்லூரித் தோழர்களும் அப்பணியை வீட்டு முற்றத்திலேயே மேற்கொண்டார்கள், நானும் உடனிருந்தேன்.

எல்லாக் கார்களையும் இவ்வாறு பிரித்துவிட இயலாது. அம்பாசடரில் உடல் வேறு, சட்டம் வேறு என்பதில்லை. முட்டைக்கு ஓடே பலம் என்பது போல, அங்கே தகட்டு உடலே பாரத்தைத் தாங்குகிறது. 1959-இல் இங்கிலாந்தில் டிரையம்ஃப் ஹெரால்டு வெளிவந்தபோது, பெரும்பாலான சிறு கார்கள் அம்முறைக்கு மாறிவிட்டிருந்தன. ஹெரால்டு மட்டும் பழைய வழியே சென்றதற்கு ஒரு நெருக்கடி காரணமாயிற்று. ஸ்டாண்டர்டு நிறுவனத்துக்கு உடல் செய்து தந்த ஃபிஷர் அண்டு லட்லோவை 1953-இல் போட்டி நிறுவனமான பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் வாங்கிவிட்டது. முழு உடலையும் ஓரிடத்தில் செய்விக்க வழியின்றி, பகுதி பகுதியாகச் செய்து போல்ட்டுகளால் பிணைத்துத் தனிச் சட்டத்தின்மேல் அமர்த்தினார்கள். 1961 முதல் சென்னையை அடுத்த வண்டலூரிலும் இக்கார் உருவாயிற்று. அன்றைய அவர்களது இக்கட்டு இன்று நமக்கு வசதியாகிவிட்டது!

முதலில் பாட்டரியின் இணைப்பை நீக்க வேண்டும். அடுத்து, பின்புறப் பெட்டியறையில் உள்ள பெட்ரோல் தொட்டியை வடித்து, வெளியே எடுத்து, நெருப்புக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். வெறுந்தொட்டிதானே என்று அலட்சியம் செய்பவர் உண்டு. உள்ளே தங்கிய ஆவி காற்றுடன் கலந்தால் ஒரு பொறி போதும். அவ்வாறே, ஜாக்கியை மட்டும் நம்பி எவரும் வண்டியின் அடியில் புகலாகாது. உறுதியான தாங்கிகள் வேண்டும். இவ்விரண்டிலும் நான் பிள்ளைகளுக்குச் சற்றும் இடங்கொடுக்கவில்லை.

இனி நுட்பமான பகுதிக்கு வருவோம். ஹெரால்டின் முன்பகுதியும் பின்பகுதியும் கதவுகளுக்குக் கீழேதான் சேர்கின்றன. கதவைக் கழற்றிவிட்டு அப்படியே தூக்கினால், உடல் அவ்விடத்தில் மடியப் பார்க்கும். ஆகவே கதவு வாசலின் குறுக்கே இரும்புப் பட்டையைப் பொருத்தி இறுக்கிக்கொள்ள வேண்டும். அதற்கும் முன்னரே, கதவைச் சுற்றியுள்ள இடைவெளியைப் பல இடங்களில் அளந்து எழுதி வைப்பது நலம். உடலுக்கும் சட்டத்துக்கும் நடுவே, பட்டறைக்காரர்கள் ஷிம் என்று அழைக்கும் மெல்லிய தகடுகள் இருக்கும். எந்தப் போல்ட்டின் கீழ் எத்தனை தகடு இருந்தது என்ற குறிப்புத் தவறினால், திரும்பப் பூட்டும்போது கதவு சரியாகச் சாத்தாது. தகடுகளை உறையிலிட்டு எண் எழுதும் வேலையைத் தம்பி மகன் முதலில் வீண்வேலை என்றான்; மறுநாள் அவனே கேட்காமல் செய்தான்.

துருப்பிடித்த போல்ட்டுகளுக்குச் சில நாள் முன்னதாகவே எண்ணெய் விட்டு ஊறவைத்தல் வேண்டும். பிரேக் குழாய், கிளட்ச் குழாய், ஸ்டீயரிங் தண்டு, மின்கம்பிகள் யாவும் அகல வேண்டும். பிரேக் எண்ணெய் பட்டால் வண்ணப்பூச்சு கரைந்துவிடும்.

தூக்கும்போது, நான்கு விரற்கடை உயர்ந்ததும் அனைவரும் நிறுத்தி, கட்டையை அண்டக் கொடுத்து, சுற்றிலும் விளக்கடித்துப் பார்க்க வேண்டும். நாங்கள் அவ்வாறு நிறுத்தியபோது வேகமானியின் கம்பி விறைத்து நின்றது கண்ணில் பட்டது. அதைக் கழற்றியபின் உடல் தடையின்றி மேலெழுந்தது. இயந்திரமும் சக்கரங்களும் சட்டத்துடனேயே நின்றமையால், அதனை வெளியே உருட்டிக் கொண்டு வந்தோம். பக்கவாட்டுக் கிளைகளைச் சுத்தியலால் தட்டிப் பார்த்ததில், நல்ல இரும்பு கணீரென்றது, அரித்த இடம் மந்தமாக ஒலித்தது. அவ்வாறு ஒலித்த இடங்களைச் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டு வெல்டரிடம் ஒப்படைத்தோம்.